மூடிய ஆலை நிலங்களில் உயர்ந்த மாடிகள்: தரை யாருக்கு?

வாசகர் ஒருவர் எழுப்பிய கேள்வி, 2025 ஜனவரி 4

"புதுச்சேரி நகருக்குள் வாங்குவதற்கு மனையே இல்லை. பஞ்சாலைகள் மூன்றும் மூடப்பட்டு நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த நிலங்களில் இருபது மாடிக் குடியிருப்புகள் எழுப்பி, மீதி இடத்தில் பூங்கா அமைத்தால், என்னைப் போன்ற இளைஞர்கள் பட்டானூருக்கும் கோட்டக்குப்பத்துக்கும் போகாமல் பிறந்த ஊரிலேயே குடியிருக்க முடியும். எதிர்ப்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள்தாமே?"

ஜனவரி 5

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எனக்கு வீடு இருக்கிறது என்பது உண்மைதான்; கிருஷ்ணா நகரில், தரைத் தளம் மட்டும் உள்ள பழைய வீடு. அதனுள் டிசம்பர் 1 ஆம் தேதி இடுப்பளவு தண்ணீர் நின்றது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழையை வாங்கிய ஊர் இது. ராணுவத்தினர் படகுகளில் வந்து எங்கள் பகுதி மக்களை வெளியேற்றினார்கள். இந்த நிலையில் இன்னும் இருபது மாடிகளுக்கு உரிய கழிவுநீரையும் கூரைநீரையும் எந்த வாய்க்காலில் விடுவது என்பதைச் சொல்லிவிட்டு மாடிகளைப் பற்றிப் பேசலாம்.

ஜனவரி 7

நேற்று முன்தினம் கோபத்தில் எழுதினேன். கேட்டவர் கேட்ட கேள்விக்கு அது முழுமையான விடை ஆகாது என்பதால், என் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தந்தை இவ்வூர் ஆலை ஒன்றில் தறிப் பகுதியில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை செய்தவர். எங்கள் வீட்டில் கடிகாரம் வருவதற்கு முன்பே ஆலைச் சங்கு இருந்தது. அம்மா உலை வைத்ததும், நாங்கள் பள்ளிக்குக் கிளம்பியதும் சங்கின் கணக்கில்தான். 1936 ஜூலை 30 ஆம் தேதி எட்டு மணி நேர வேலை முதலிய கோரிக்கைகளுக்காக நின்ற தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பின்னரே இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்த மதில்களுக்குள் இருப்பது வெறும் மனை அன்று என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். 1898 இல் தொடங்கிய ஆலை 1986 இல் அரசுடைமையாகி, 2020 இல் மூடப்பட்டது. அதாவது, அந்த நிலம் இன்று எந்தத் தனி மனிதரின் சொத்தும் அன்று. கேள்வி கேட்ட தம்பிக்கும் எனக்கும் அதில் சமமான உரிமை உண்டு. தனியார் மனையில் யாராவது உயர்ந்த கட்டடம் எழுப்பினால் விதிமுறை சரியா என்று மட்டுமே நாம் கேட்க முடியும். பொது நிலத்தில் அப்படியில்லை. அதன் தரையை என்ன செய்யப் போகிறோம் என்றே கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இரண்டாவது, "மீதி இடத்தில் பூங்கா" என்னும் சொற்கள். மீதி இடம் என்று எழுதியவுடனேயே பூங்காவின் அளவு முடிவாகிவிட்டது என்பது என் அனுபவம். கட்டடம், உள்சாலை, வண்டி நிறுத்தம், ஜெனரேட்டர் அறை, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் போக மிஞ்சுவதில் நான்கு பனைவகைச் செடிகளும் ஒரு சறுக்குமரமும் நிற்கும். அதன் கதவும் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே திறக்கும்.

ஜனவரி 8

ஒரு திருத்தம். 1898, 1986 என்று நான் எழுதிய ஆண்டுகள் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆலைக்கு மட்டும் உரியவை. சுதேசி, பாரதி ஆலைகளின் வரலாறு வேறு. மூன்றும் 2020 இல் மூடப்பட்டன என்பது மட்டும் பொது. சுட்டிக்காட்டிய முதலியார்பேட்டை அன்பருக்கு நன்றி.

ஜனவரி 12

"உயரமே தவறா?" என்று முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன்பிருந்த உறுதி இப்போது இல்லை.

நம் ஊரின் எல்லை வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நேர்கோடாக எங்கும் போவதில்லை. ஒரு சாலையின் இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம். 2011 கணக்கெடுப்பிலேயே உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை பழைய புதுச்சேரி நகராட்சியை விஞ்சிவிட்டது. அதற்குப் பின்னர் ஊர் மேற்கிலும் வடக்கிலும் பெருகி, எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டது. அங்கே 2019 ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் நடப்பில் உள்ளன, 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயர்மாடிக் கட்டடம். ஆகவே நாம் இங்கே உயரத்தைத் தடுத்தால் மாடிகள் இல்லாமல் போய்விடாது. எல்லைக்கு அப்பால் ஒரு வயலிலோ ஏரிக்கு நீர் வரும் ஓடையிலோ போய் நிற்கும். அங்கே குடியேறுபவர் காலையில் நம் ஊருக்கு வேலைக்கு வருவார். ராஜீவ் காந்தி சதுக்கத்தில் அரை மணி நேரம் நிற்பார். இந்தச் செலவை நான் முதலில் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொன்று. உயரத்தைத் தடுத்துவிட்டதாக நாம் நினைக்கும் இடங்களில் என்ன நடக்கிறது? என் தெருவில் 1990 வரை ஒவ்வொரு வீட்டுக்கும் பின்புறம் ஒரு கிணறும், ஒரு முருங்கையும், இரண்டு தென்னைகளும் இருந்தன. இன்று 2,400 சதுர அடி மனை ஒவ்வொன்றிலும் ஸ்டில்ட் (வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளம்) போட்டு அதன் மேல் நான்கு தளம். மதிலிலிருந்து மதில் வரை சிமென்ட். எந்தக் கட்டடமும் உயரம் அன்று. ஆனால் ஒரு சொட்டு நீரும் இறங்க இடமில்லை. இருபது மாடி ஒன்று நின்று, அதைச் சுற்றி நான்கு பங்கு தரை மண்ணாகவே இருக்குமானால், அது இந்தத் தெருவைவிட நல்லது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"இருக்குமானால்" என்பதில்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஜனவரி 19

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று தெரு தள்ளி, அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளம். புயலின்போது அங்கே நடந்ததை அக்கா முழுமையாகச் சொன்னது இப்போதுதான். அதை இங்கே எழுதுவது பொருத்தம் என்று தோன்றுகிறது.

தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை. வர முடியாத உயரம். ஆனால் கீழே ஸ்டில்டில் மின்சாரப் பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் இருந்தன. இரண்டும் மூழ்கின. மின்சாரம் போனது, லிஃப்ட் நின்றது, மேல்தொட்டியில் இருந்த நீர் முதல் நாள் மாலைக்குள் தீர்ந்தது. அக்காவின் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது, மூட்டுவலி, படி இறங்க முடியாது. வாளியில் மழைநீரைப் பிடித்து மூன்று நாள் சமாளித்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் இருந்தது, அதுவும் கீழேதான் இருந்தது. கட்டியவரிடம் கேட்டதற்கு, அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் அப்படித்தான் உள்ளது என்று பதில் வந்திருக்கிறது. மூன்று மாடிக்கே இந்தப் பாடு என்றால், பதினெட்டாம் மாடியில் ஒரு முதியவர் மூன்று நாள் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகையால், உயரம் வேண்டும் என்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது கடல் தெரியும் பால்கனியை அன்று. மின்சாரப் பெட்டியும் மோட்டாரும் ஜெனரேட்டரும் முதல் தளத்துக்கு மேலே இருக்கின்றனவா, மேல்தொட்டி எத்தனை நாளுக்குப் போதும், லிஃப்ட் நின்றால் நோயாளியை இறக்க அகலமான படிக்கட்டு உண்டா என்பவைதாம் கேள்விகள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரிலிருந்தே உயர்மாடிக் கட்டடம் என்று கணக்கிட்டுத் தீத்தடுப்பு ஏற்பாடுகளை விதிக்கிறது. வெள்ளத்தின்போது மாடியில் சிக்கியவர்களுக்கும் அதே அக்கறை வேண்டும்.

ஜனவரி 20

அந்த ஸ்டில்டைப் பற்றி ஒரு சொல். வண்டி நிறுத்த இடத்துக்குத் தனியாகப் பணம் வாங்கினார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆம், வாங்கினார்கள். ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனியாக விற்க முடியாது, அது பொதுப் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2010 இலேயே மும்பை வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்துவிட்டது. வாங்குபவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஜனவரி 26

நான் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பூங்காவைப் பற்றிப் பேசுவதானால் அளவோடு பேச வேண்டும் என்பதால் ஒரு கணக்குப் போட்டேன்.

46 சென்டிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ ஒன்றரை அடி. ஓர் ஏக்கரில் அது விழுந்தால் பதினெட்டரை லட்சம் லிட்டர். மண்ணில் இறங்குவதை விட்டுவிடுவோம். ஏற்கெனவே ஊறிய நிலத்தில் அது அதிகமிராது. இப்போது பூங்காவைச் சாலையைவிட மூன்று அடி தாழ்வாக அமைப்போம். மூன்றடிப் பள்ளம் ஒன்றரை அடி மழையை இரண்டு பங்கு தாங்கும். எனவே ஓர் ஏக்கர் பூங்கா இரண்டு ஏக்கர் கட்டடப் பகுதியின் மழைநீரை வாங்கிக்கொள்ளும். ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாழ்ந்த பூங்காவாக விட்டால், மற்ற இரு பங்குகளில் எத்தனை மாடி கட்டினாலும் பக்கத்துத் தெருவுக்கு ஒரு குடம் தண்ணீரும் போகாது. இதுதான் என் கோரிக்கை: மூன்றில் ஒரு பங்கு, மூன்றடி ஆழம்.

நம் ஊரில் பூங்கா என்றால் சாலையைவிட இரண்டடி உயர்த்தி, மண் கொட்டி, சுற்றிலும் கைப்பிடிச் சுவர் கட்டுகிறார்கள். மழை பெய்தால் பூங்காவிலிருந்து சாலைக்குத் தண்ணீர் வருகிறது. இதை மாற்றாமல் எத்தனை பூங்கா வைத்தும் பயனில்லை.

ஜனவரி 27

கணக்கில் பிழை. பூங்காவின் மேலும் மழை பெய்யும் என்பதை மறந்துவிட்டேன். மூன்றடியில் ஒன்றரை அடி அதன் சொந்த மழைக்கே போய்விடும். எஞ்சியது ஓர் ஏக்கருக்கு மட்டுமே போதும். மூன்றில் ஒன்று போதாது, சரிபாதி வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இத்தகைய கணக்கைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் நான். அவசரத்தில் எழுதியதற்கு வருந்துகிறேன்.

கடலூரிலிருந்து எழுதியவருக்கு: குழி என்னும் நில அளவை 144 சதுர அடி என்று வைத்து நீங்கள் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் குழி 576 சதுர அடி, அதாவது 24 அடிக்கு 24 அடி. பத்திரத்தில் இன்னும் ஆர், சென்டியார் என்றுதான் எழுதுவோம்; பிரெஞ்சுக்காரர் காலத்து நில அளவை அப்படி. உங்கள் கணக்கை நான்கால் பெருக்கிப் பாருங்கள், பொருந்தும்.

பிப்ரவரி 2

மேலும் ஒரு திருத்தம். இது முந்தையதைவிடப் பெரியது. நீர்வளத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் என் கணக்கைக் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "கார்த்திகை மாதத்தில் உன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும்?" என்று மட்டும் கேட்டார். கையால் மொண்டுவிடலாம். அதாவது, பருவமழையின் நடுவில் நிலத்தடி நீர் அந்த அளவுக்கு மேலே வந்திருக்கும்போது, மூன்றடிப் பள்ளம் புயல் வரும் முன்பே பாதி நிறைந்திருக்கும். கடலும் அந்த நாளில் பொங்கி நிற்பதால் வாய்க்கால்களின் முகத்துவாரத்தில் நீர் வெளியேறாது. உப்பனாறு வாய்க்கால் நிரம்பி எதிர்த்து வரும்.

அப்படியானால் தாழ்ந்த பூங்காவே வீணா என்றேன். இல்லை என்றார். புயல் மழை முழுவதையும் பிடித்து வைப்பது நோக்கமாக இருக்க முடியாது. வாய்க்கால் நிரம்பி வழியும் அந்தச் சில மணி நேரத்துக்குத் தண்ணீரைத் தாமதப்படுத்தினாலே தெருவில் இடுப்பளவு நிற்பது முழங்காலளவு ஆகும். அதற்குப் பள்ளத்தோடு, மழைக்காலத் தொடக்கத்திலேயே அதைக் காலி செய்துவைக்க ஒரு மதகும் அதை இயக்க ஒரு பொறுப்பாளரும் வேண்டும். பழைய ஏரிகளில் மடை திறந்தது அப்படித்தான். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்பார்கள்; ஊசுடும் பாகூரும் பெரியவை; நகரத்தை ஒட்டி வேல்ராம்பட்டும் கனகனும் உண்டு. அவற்றை வெட்டியவர்கள் அழகுக்காக வெட்டவில்லை.

இந்த இடத்தில் பாரதி பூங்காவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் நடுவில் உள்ள மண்டபத்தின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். கோயில் என்று நினைத்துத் தாம் வணங்கிய மாளிகை ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கிருஷ்ணதேவராயர் அதை இடிக்கச் சொன்னார். ஆயி தானே இடிப்பதாக வேண்டிக்கொண்டு, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது மரபு. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது அவள் பெயரால் மண்டபம் எழுந்தது. இன்று அரசின் சின்னமே அந்த மண்டபம்தான். ஊரின் நடுவிலுள்ள பூங்காவே தண்ணீரின் பெயரால் நிற்கும்போது, புதிய பூங்காவுக்குச் சறுக்குமரத்தையும் செயற்கைப் புல்லையும் மட்டும் யோசிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 9

"பாதி நிலத்தைப் பூங்காவுக்குக் கொடுக்க எந்த அரசு சம்மதிக்கும்?" என்று கேட்டவருக்கு மும்பையை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்; ஆனால் அது ஆறுதல் தரும் எடுத்துக்காட்டு அன்று.

மும்பையில் ஏறத்தாழ 600 ஏக்கர் ஆலை நிலம் இருந்தது. 1991 இல் வந்த வளர்ச்சி விதி 58 இன்படி, ஆலையை இடித்துக் கட்ட விரும்புபவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கு மாநகராட்சியிடமும், மூன்றில் ஒரு பங்கைப் பொது வீட்டு வசதிக்கு வீட்டு வசதி வாரியத்திடமும் ஒப்படைத்துவிட்டு, எஞ்சியதில் கட்டிக்கொள்ளலாம். நான் கேட்டதைவிட நல்ல விதி. 2001 இல் ஒரு திருத்தம் வந்தது: பங்கு பிரிப்பது மொத்த நிலத்தில் அன்று, கட்டடம் ஏதுமின்றி வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் மட்டும். ஆலை என்றால் கட்டடங்கள் நிறைந்த இடம். வெறுமையாகக் கிடப்பது எவ்வளவு இருக்கும்? வழக்கு நடந்தது, 2006 இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. கண்ணாடி மாடிகள் எழுந்தன. பொதுமக்களுக்கு வர வேண்டிய தரை சுருங்கிப்போனது.

ஒரு வாக்கியத் திருத்தத்தில் இது நடந்திருக்கிறது. எனவே, பூங்கா எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், எதில் எவ்வளவு என்று கேளுங்கள். மதிலுக்குள் உள்ள மொத்தப் பரப்பிலா, கட்டடம் போக மிஞ்சியதிலா, சாலைகள் போக மிஞ்சியதிலா?

தமிழ்நாட்டு விதியிலும் இதைப் போன்ற ஒரு நுட்பம் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் சாலை போகப் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டிவிடலாம். பணம் கட்டப்பட்ட தெருவில் பூங்கா வருவதில்லை.

பிப்ரவரி 10

கடலூர் அன்பர் மஞ்சக்குப்பம் மைதானத்தை நினைவூட்டியிருக்கிறார். உண்மைதான். ஊர் நடுவில் அவ்வளவு பெரிய வெறும் தரை இன்றும் பொதுவில் இருப்பது எளிய காரியம் அன்று. அதே புயலில் தென்பெண்ணை பெருகி உங்கள் ஊர் பட்ட பாட்டையும் மறக்கவில்லை.

பிப்ரவரி 16

பாரம்பரியத்தைப் பற்றி எழுதியவருக்கு. உயர்ந்த மாடிகள் வந்தால் பழைய நகரத்தின் முகம் கெடும் என்கிறீர்கள். பட்டேல் சாலை, அண்ணா சாலை, சுப்பையா சாலை, கடற்கரைச் சாலை ஆகிய நான்குக்கும் உட்பட்ட முட்டை வடிவப் பகுதிக்குள் என்றால் நான் உங்கள் பக்கம்தான். அங்கே உயரத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது. வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமும் தொடர்ச்சியாக நிற்கும்படி வீட்டு முகப்புகளைச் சீரமைத்து, 2008 இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. அந்தத் தாழ்வாரத்தின் சிறப்பு என்ன? வீட்டுக்காரர் தம் செலவில் கட்டிய நிழல், தெருவில் நடப்பவருக்குச் சொந்தம். மழைக்கு ஒதுங்கிய எவரையும் யாரும் கேள்வி கேட்டதில்லை. புதிய மாடிகளின் கீழ்த்தளத்தில் நான் எதிர்பார்ப்பதும் அதுவே: மதிலும் காவலாளியும் இல்லாமல், தெருவில் போகிறவர் நின்று இளைப்பாறக்கூடிய ஒரு விளிம்பு.

ஆனால், பழையது என்பதனாலேயே அது பத்திரமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2014 நவம்பர் இறுதி மழையில் கடற்கரையின் மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகரமன்றம்) தானாகவே இடிந்து விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், பல ஆண்டு பராமரிப்பின்மை. உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி 2021 இல்தான் திறந்தார்கள். அதே 2014 ஜூனில் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள். பழையதைக் கவனிக்காததும் புதியதைச் சோதிக்காததும் ஒரே ஆண்டில் இரண்டு ஊர்களில் தெரியவந்தன. கடலோர மண்ணில் இருபது மாடி என்றால், மண் பரிசோதனை அறிக்கையை வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

மார்ச் 2

இன்று காலை ஏ.எஃப்.டி. திடலுக்குப் போனேன். மறைமலையடிகள் சாலைப் பேருந்து நிலையத்தைப் புதிதாகக் கட்டுவதால் பேருந்துகள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. விழுப்புரம் பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பெரியவர், தாமும் ஆலையில் வேலை செய்தவர் என்றார். மாடி வருவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். "வேலை வந்தாலும் சரி, வீடு வந்தாலும் சரி ஐயா, எங்கள் பிள்ளைகளை உள்ளே விடுவார்களா என்பதுதான்" என்றார்.

அவர் கேட்டதும் கேள்வி எழுப்பிய தம்பி கேட்டதும் ஒன்றுதான் என்று வீடு திரும்பும் வழியில் பட்டது. தம்பியை நான் இதுவரை மாடிக் கட்சி என்றே நினைத்துப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். அவருக்கு வேண்டியது இருபது மாடி அன்று. ஊருக்குள் கட்டுபடியாகும் ஒரு வீடு. அந்த வீட்டை இருபது மாடி தருமா என்பதை நான் பார்க்கவே இல்லை.

பார்ப்போம். ஓர் ஏக்கரில் 160 வீடுகள் உள்ள மாடி என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 43,560 சதுர அடி. ஒரு வீட்டுக்குப் பிரிபடாத பங்கு நிலம் 272 சதுர அடி. எங்கள் கணக்கில் அரைக் குழிக்கும் குறைவு. என் தெருவில் 2,400 சதுர அடியில் நான்கு வீடு கட்டியவர்களுக்கு ஆளுக்கு 600. ஒரு குழிக்கு மேல். நிலத்தின் பங்கு குறைவதால் விலை குறைய வேண்டும். ஆனால் ஆழமான அடித்தளம், லிஃப்டுகள், தீயணைப்புக் குழாய்கள் என்று கட்டுமானச் செலவு ஏறுகிறது. நாற்பது ஆண்டு கழித்துக் கட்டடம் பழுதானால் கையில் மிஞ்சுவது அந்த அரைக் குழிப் பங்குதான். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிப் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் பெறும் சொல்தா குடும்பங்களும், வார இறுதிக்குக் கடல் பார்க்க ஒரு வீடு வேண்டும் என்னும் வெளியூர்க்காரர்களும் போட்டிக்கு வரும் சந்தையில், திறந்த விற்பனையாக விட்டால் தம்பிக்கும் அந்தப் பெரியவரின் பிள்ளைக்கும் ஒரு வீடும் கிடைக்காது. நிலம் பொதுவுடையது என்பதால், வீடுகளில் ஒரு பெரும்பங்கை வாடகைக்கு என்றே ஒதுக்கி, அரசே வைத்துக்கொள்ளலாம். விற்றால் ஒருமுறை வருமானம். வாடகை என்றால் நிலமும் கைவிட்டுப் போகாது.

முதல் நாள் "உடன்பாடு இல்லை" என்று எழுதியதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: அப்படிப்பட்ட மாடிகளுக்கு எனக்கு உடன்பாடு உண்டு. பூங்கா நிலத்தை முதல் கல் வைக்கும் முன்பே நகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதி, தோண்டி முடித்து, மக்களுக்குத் திறந்துவிட வேண்டும். கட்டடம் முடிந்த பின் பூங்கா என்று சொன்னால் சம்மதிக்க மாட்டேன்.

மார்ச் 3

வாடகை வீடுகளைப் பராமரிக்க மாட்டார்கள், சில ஆண்டுகளில் காரை பெயரும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த அச்சம் எனக்கும் உண்டு. குடியிருப்பவர்கள் சங்கம் அமைத்து, வாடகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்றே தனிக் கணக்கில் போடலாம். மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016 இல், வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவிட வேண்டும் என்று வந்ததே, அதே முறை.

மார்ச் 9

ஒரு விஷயத்தை இரண்டு மாதமாக எழுதாமல் இருந்தேன்; முழுமையாகத் தெரிந்த பின் எழுத நினைத்தேன்.

டிசம்பர் வெள்ளத்தில் என் வீட்டுச் சுவரில் படிந்த சேற்றுக் கோடு இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்கவில்லை. அக்காவின் குடியிருப்பு மதிலிலும் அதே கோடு இருக்கிறது. ஆனால் அது மதிலின் வெளிப்பக்கம், உள்ளே இருக்கும் தரையைவிட ஓரடிதான் மேலே. நேற்று கொத்தனார் ஒருவரை அழைத்து, அவர்கள் மட்டம் பார்க்கும் நீர்க் குழாயைப் பிடித்து, தெருமுனையிலிருந்து இரண்டு வீடுகளின் தரையையும் அளந்தோம். அக்காவின் குடியிருப்பு மனை என் வீட்டுத் தரையைவிட இரண்டேமுக்கால் அடி உயரம். கட்டும்போது லாரி லாரியாகக் கிராவல் கொட்டி உயர்த்திய மனை அது. அதற்கு முன்பு அங்கே ஒரு பள்ளமான தோப்பு இருந்தது. மழைக்காலத்தில் தவளை கத்தும். அந்தத் தெருவின் தண்ணீர் அதில்தான் போய் நின்றது.

2016 இல் அந்த வீட்டைப் பார்க்க அக்காவுடன் போனவன் நான். மனையை நன்றாக உயர்த்தியிருக்கிறார்கள், தண்ணீர் வராது, வாங்குங்கள் என்று சொன்னவனும் நான். அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் வரவில்லை. எங்கள் வீட்டுக்கும், பக்கத்தில் தனியாக இருக்கும் ஆசிரியையின் வீட்டுக்கும், எதிரே உள்ள தையல்காரர் வீட்டுக்கும் வந்தது. அக்காவிடம் இந்த அளவைச் சொன்னேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அவர்கள் குடியிருப்பின் பின்புறம் செங்கல் பதித்த இடத்தைப் பெயர்த்துப் பள்ளமாக்க முடியுமா என்று சங்கக் கூட்டத்தில் கேட்பதாகச் சொன்னார். பன்னிரண்டு குடும்பங்களில் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஆகவே ஆலை நிலத்துக்கு நான் கேட்பதில் ஒன்று கூடுகிறது, தம்பி. மனையை உயர்த்தக் கூடாது. எத்தனை மாடி என்பதை நீங்கள் கேளுங்கள், நானும் உடன் வருகிறேன். ஆனால் மதிலுக்கு வெளியே இருக்கும் தெருவின் மட்டத்தைவிட உள்ளே ஓர் அங்குலமும் மண் ஏறக் கூடாது என்பதை வரைபடத்தில் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள்.

மார்ச் 16

சங்கக் கூட்டம் நேற்று நடந்தது. பன்னிரண்டில் ஏழு குடும்பங்கள் சம்மதித்தன. ஸ்கூட்டர் நிறுத்த இடம் குறையும் என்று ஐந்து பேர் மறுத்தார்கள். பாதி இடத்தை மட்டும் சித்திரைக்குள் தோண்டுவது என்று முடிவாகியிருக்கிறது. 24 அடிக்கு 12 அடி, அரைக் குழி. ஆழம் எவ்வளவு என்பதில் பேச்சு முடியவில்லை. நான் மூன்றடி கேட்டிருக்கிறேன்.